புடா கோட்டையோடு நிறுத்தச் சொன்னார்கள்

11 ஜனவரி 2009, ஞாயிறு

வாசல் பனியை வழித்துத் தள்ளிவிட்டு, ஞாயிறுதோறும் நான் சரித்திரக் கதை சொல்லும் தமிழ் வானொலிக்குப் போனேன். ஹங்கேரிக் கதைக்கு இன்று மூன்றாவது வாரம்.

1849 ஜனவரி. ஒஸ்திரியச் சேனை புடாவையும் பெஸ்டையும் நெருங்குகிறது. சுதந்திரம் கேட்ட ஹங்கேரியர்கள் தலைநகரைச் சண்டை பிடிக்காமலே விட்டுவிட்டுக் கிழக்கே போகிறார்கள். அரசாங்கத்தை ஏற்றினார்கள், நோட்டு அச்சடிக்கிற இயந்திரத்தையும் ஏற்றினார்கள். வழியெல்லாம் உறைபனி.

சொல்லி முடித்ததும் தொலைபேசி விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. வழக்கமாக இரண்டு பேர் எடுப்பார்கள், அதில் ஒருவர் பாட்டுப் போடச் சொல்லி. இன்று முதலில் வந்தது இங்கேயே வெக்ஸ்போர்ட் பகுதியில் இருக்கும் தவமணி அன்ரி.

"பிள்ளை, தலைநகரை விட்டிட்டுப் போனவங்கள் திரும்பி வந்தவங்களோ?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர்கள் ஹங்கேரியைக் கேட்கவில்லை. மாதம் பிறந்ததும் இயக்கத்தின் தலைநகர் கிளிநொச்சி இராணுவத்திடம் விழுந்தது.

நான் இந்தக் கதையை எடுத்தது இலையுதிர் காலத்தில், நூலகத்தில் தற்செயலாகக் கிடைத்த ஒரு தடித்த புத்தகத்திலிருந்து. குளிர்காலத்தில் அடிவாங்கிய படை வசந்தத்தில் திரும்பி வந்து அடுக்கடுக்காக வெல்கிறது. சொல்ல நன்றாக இருக்கும் என்று எடுத்தேன், அவ்வளவுதான். மட்டக்களப்பில் உயர்தர வகுப்புக்கு வரலாறு படிப்பித்தவள் நான். இங்கே ஒரு பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். ஞாயிறு அந்த அரை மணித்தியாலம் மட்டும் மறுபடி ஆசிரியை.

"வந்தவங்கள் அன்ரி. வசந்தத்தில வந்தவங்கள்" என்றேன்.

பொய் இல்லை. ஆனால் கதை வசந்தத்தோடு முடியவில்லை என்பது எனக்குத் தெரியும்.

30 ஜனவரி, வெள்ளி

ஊரில் போரை நிறுத்தச் சொல்லி மனிதச் சங்கிலி. யூனியன் ஸ்டேஷன் பக்கம் நின்றோம். என் இடது பக்கம் ஒரு பல்கலைக்கழகப் பிள்ளை, வலது பக்கம் என் கணவர் வீரக்குட்டி. கையுறைக்குள்ளும் விரல் விறைத்துப்போனது. ஒருவரும் கையை விடவில்லை.

8 பெப்ரவரி, ஞாயிறு

இன்று பிரானிஸ்கோ கணவாய். தலைநகரை விட்ட பிறகு கோர்கெய் என்ற தளபதி தன் படையை வடக்கே மலைகளுக்குள் கொண்டுபோனார். சின்ன வயது, இரசாயனம் படித்த மனிதர். பின்னால் எதிரி. முன்னால் கணவாயை மறித்துக்கொண்டு இன்னொரு படை. அந்தப் பனிக்குள் ஒரு பாதிரியார் சிலுவையைத் தூக்கிக்கொண்டு முன்னே ஏற, சிப்பாய்கள் பின்னால் ஏறி வழியைத் திறந்தார்கள்.

வீரக்குட்டி சரித்திரம் என்றால் கொட்டாவி விடுகிற மனிதர். (கலியாணம் முடித்து இவ்வளவு காலத்தில் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இந்தக் கொப்பியில் மட்டும் எழுதுகிறேன்.) பேக்கரிக்கு ட்ரக் ஓடுகிறவர், ஞாயிறு என்றால் படுத்துக் கிடப்பார். இன்று ஸ்டூடியோவுக்குக் கீழே, பிளாசாவின் கார்ப் பார்க்கில், காருக்குள் இருந்து முழுதும் கேட்டிருக்கிறார். நான் ஏறியதும் கேட்டார்.

"கணவாயால வெளிய வந்திட்டாங்களோ?"

"வந்திட்டாங்கள்."

"எல்லாரும்?"

"எல்லாரும் எண்டு ஆரால சொல்ல ஏலும்? படை வந்திட்டுது."

காரை எடுத்தார். அவர் மனதில் இருந்தது அவருடைய தம்பி சஞ்சீவன். சமாதானக் காலத்தில் நீர்ப்பாசனத் திணைக்கள வேலையாகக் கிளிநொச்சிக்குப் போனவன், அங்கேயே யதுஷாவைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டான். ஒரு மகள். இப்போது மூன்று பேரும் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து மாத்தளன் கடற்கரையில்.

15 பெப்ரவரி, ஞாயிறு

சஞ்சீவன் பேசினான். ஆரோ ஒருவரின் செய்மதித் தொலைபேசி, பின்னால் வரிசை நிற்கிறதாம். "மண்ணுக்குள்ள இருக்கிறம் அண்ணா. கிண்டினா உப்புத்தண்ணி வருது." வேறு ஒன்றும் கேட்க முதல் கட் ஆகிவிட்டது. வீரக்குட்டி தொலைபேசியை வைக்காமல் நிறைய நேரம் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

16 மார்ச், திங்கள்

பல் சுத்தம் செய்ய ஒரு ஹங்கேரியப் பெண்மணி வந்தார். மேலங்கியில் சிவப்பு வெள்ளை பச்சை நாடாவில் ஒரு பூ. நேற்று அவர்களுடைய புரட்சி நாள். எனக்கு அது தெரியும் என்றதும் அவருக்கு ஆச்சரியம். பிறகு ஒரு மாதிரிச் சிரித்துக்கொண்டு சொன்னார்: நாங்கள் தொடக்கத்தைத்தான் கொண்டாடுவோம். முடிவுக்கு ஒக்டோபரில் ஒரு நாள் இருக்கிறது, அன்றைக்குக் கறுப்பு உடுப்பு.

அவருடைய அடுத்த தவணையைத் தப்பாக எழுதிவிட்டேன். கூப்பிட்டுத் திருத்த வேண்டும்.

22 மார்ச், ஞாயிறு

நிகழ்ச்சிக்குப் போக வெளிக்கிட்ட நேரம் யதுஷாவின் அழைப்பு.

"இயக்கக்காரர் அவரைக் கூட்டிக்கொண்டு போயிட்டினம் அக்கா. வீட்டுக்கு ஒராள் எண்டு. பங்கர் வெட்டத்தான் எண்டு சொன்னவை. பிறகு துவக்குக் குடுத்திருக்கினமாம்."

இயக்கத்துக்குப் போகாமலே நாற்பதைத் தொட்டவன். தண்ணீர் மட்டம் அளக்கிற கருவியைத் தவிர வேறு எதையும் தோளில் தூக்காதவன்.

நான் போய் நிகழ்ச்சியைச் செய்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

5 ஏப்ரல், ஞாயிறு

இஷாசெக் சண்டை. இரண்டு படைக்கும் நடுவில் காடு பற்றி எரிகிறது. ஒரு பக்கம் ஹங்கேரியர் பின்வாங்குகிறார்கள், மறுபக்கம் விடாமல் நிற்கிறார்கள். இருட்டும்போது வென்றது யார் என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியவில்லை. விடிந்து பார்த்தால் ஒஸ்திரியர் இல்லை, பெஸ்டுக்கு ஓடிவிட்டார்கள்.

நன்றாகச் சொன்னேன். எனக்கே மயிர் கூச்செறிந்தது. கண்ணாடிக்கு அப்பால் நின்ற நவரட்ணம் அண்ணை கையைத் தட்டுவார் என்று பார்த்தேன். வானொலியை நடத்துகிறவர் அவர். கணினியைப் பார்த்தபடி அசையாமல் நின்றார். ஆனந்தபுரத்தில் இயக்கத்தின் கனபேர் முடிந்துவிட்டார்களாம்.

அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. எடுத்த எல்லாரும் இஷாசெக்கைப் பற்றித்தான் பேசினார்கள். ஆனந்தபுரத்தைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

21 ஏப்ரல், செவ்வாய்

யதுஷாவும் மகளும் வெளியே வந்துவிட்டார்கள்! நேற்றுப் பெருஞ்சனம் களப்பைக் கடந்து வந்ததில் இவர்களும். பிள்ளையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில். இராணுவம் பஸ்ஸில் ஏற்றி வவுனியாப் பக்கம் முகாமுக்குக் கொண்டுபோகிறதாம்.

சஞ்சீவன் வரவில்லை.

26 ஏப்ரல், ஞாயிறு

டானூப் கரையில் கொமாரோம் கோட்டை. குளிர்காலம் முழுக்க முற்றுகைக்குள் கிடந்தது. இதே ஏப்ரல் 26 அன்று வெளியிலிருந்து வந்த படை முற்றுகையை உடைத்தது.

தேதி பொருந்தியதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஒரு பெண் லைனில் அழுதார், "எங்களுக்கும் ஆரும் வருவினம்தானே அக்கா?" என்று.  அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு முன்னால் யூனிவர்சிட்டி அவெனியூவில் சனம் தெருவில் இருக்கிறது. வீரக்குட்டி வேலை முடிந்து உடுப்பு மாற்றாமலே அங்கே போகிறார்.

3 மே, ஞாயிறு

நவரட்ணம் அண்ணை தன் அறைக்குக் கூப்பிட்டார். தேத்தண்ணி தந்தார். நல்ல மனிதர்தான். நான் இந்த நாட்டுக்கு வந்து ஒருவரையும் தெரியாமல் இருந்த காலத்தில் ஒலிவாங்கிக்கு முன்னால் இருத்தியவர் அவர்.

"அடுத்தது புடா கோட்டையைப் பிடிக்கிறதுதானே, தங்கச்சி?"

"ஓம் அண்ணை. இன்னும் ரெண்டு கிழமை சொல்லலாம்."

"அதோட முடியுங்கோ."

"அதோட முடியேல்லையே அண்ணை. ரஷ்யாக்காரன் வாறான். ரெண்டு பேரரசும் சேர்ந்து —"

"எனக்கும் வாசிக்கத் தெரியும்." கோபமில்லாமல்தான் சொன்னார். "சனம் நித்திரையில்லாமல் தெருவில கிடக்குது. என்ர அக்காவின்ர மகன் நிமலரூபன் இப்பவும் அங்க சண்டையில முன்னுக்கு நிக்கிறான். கோட்டையில கொடி ஏறுறதோட நிப்பாட்டுங்கோ. அது பொய்யில்லைத்தானே?"

பொய்யில்லை. நானும் ஜனவரியில் அதைத்தான் எனக்குச் சொன்னேன். சரி என்றுவிட்டு வந்தேன்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. கோர்கெய் வியன்னாவுக்குப் போகாமல் புடாவில் நின்றது பிழை என்று சிலர் எழுதுகிறார்கள். மதிலைப் பீரங்கியால் இடித்துக்கொண்டிருந்த அந்த நாட்களில்தான் ரஷ்யா புறப்பட ஆயத்தமானது. கொடி ஏறியது உண்மை. கொடி ஏறிய நேரத்தில் மற்றதெல்லாம் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்ததும் உண்மை.

11 மே, திங்கள்

நேற்று அன்னையர் தினம். வீரக்குட்டி கார்டினர் பெருந்தெருவை மறிக்க ஏறியவர்களோடு ஏறியிருக்கிறார். தொலைக்காட்சியில் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். குழந்தை வண்டிலோடெல்லாம் சனம் நிற்கிறது, இரண்டு பக்கமும் கார் வரிசை.

காலையில் பல் மருத்துவரிடம் வந்தவர்கள் அதைப் பற்றித்தான் கதைத்தார்கள். ஒருவருக்கு விமானம் தவறிவிட்டதாம். எங்கள் மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் கோப்பைத் தேடினேன்.

வீரக்குட்டி சட்டம் மதிக்கிற மனிதர். மஞ்சள் விளக்குக்கே நிறுத்துவார்.

17 மே, ஞாயிறு

புடா கோட்டை பிடிபடுகிற பகுதியைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். நிகழ்ச்சிகள் ஒன்றும் இல்லை, செய்தி மட்டும். பிறகு செய்தியும் இல்லை, வீணை மட்டும். நவரட்ணம் அண்ணை படியில் இருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். 

18 மே, திங்கள்

விக்டோரியா நாள், விடுமுறை. சண்டை முடிந்துவிட்டது என்கிறார்கள்.

பொழுதுபட, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வழமைபோல வாணம் விட்டார்கள். முதல் வெடிச் சத்தத்துக்கு வீரக்குட்டி கதிரையை விட்டு எழும்பி நின்றார். பிறகு ஒவ்வொரு யன்னலாகப் பூட்டிக்கொண்டு போனார்.

21 மே, வியாழன்

நூற்றறுபது வருடத்துக்கு முன் இன்று புடா கோட்டையில் கொடி ஏறியது.

வேலைக்குப் போனேன். வந்தேன்.

7 ஜூன், ஞாயிறு

சஞ்சீவன் உயிரோடு வந்திருக்கிறான். யதுஷா இருக்கும் முகாமில் ஒருவர் கண்ணால் கண்டாராம். வட்டுவாகல் பாலத்தால் சனத்தோடு சனமாக வந்தானாம். இயக்கத்தில் ஒருநாள் இருந்தவர்களும் பதியுங்கள், விசாரித்துவிட்டு விடுவோம் என்று இராணுவம் ஒலிபெருக்கியில் சொன்னதாம். எழும்பிப் போய்ப் பெயர் கொடுத்திருக்கிறான். பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கே என்று தெரியாது.

வீரக்குட்டி அழுதார். நான் இவரை அழக் கண்டதில்லை. முகம் கழுவிக்கொண்டு வந்து மேசையில் இருந்தார்.

"ராணி, உன்ர ஹங்கேரிக்காரர் கடைசியில சரணடைஞ்சவங்கள்தானே?"

நான் சொல்லவே இல்லை. நானில்லாத நேரம் என் புத்தகத்தைப் புரட்டியிருக்கிறார், அல்லது நான் சொல்லாமல் விட்டதிலிருந்தே விளங்கிக்கொண்டார்.

"ஓம்."

"பிறகு அவங்களை என்ன செய்தவங்கள்?"

"சிப்பாய்மாரில கனபேரை ஒஸ்திரியப் படையிலயே பிடிச்சுச் சேர்த்துத் தூரத்துக்கு அனுப்பினவங்கள். கொஞ்சப்பேரை வீட்டுக்கு விட்டவங்கள்."

"அதிகாரிகளை?"

நான் அடுப்பைக் குறைக்க எழும்பினேன். அடுப்பு எரியவே இல்லை.

அவர் தானே சொன்னார்: "சஞ்சீவன் அதிகாரி இல்லைத்தானே. அவன் பங்கர் வெட்டினவன்."

14 ஜூன், ஞாயிறு

நவரட்ணம் அண்ணை வீட்டுக்கு வந்தார். சஞ்சீவன் செய்தியைச் சந்தோசமாகத்தான் வீரக்குட்டி சொன்னார். அண்ணை தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"கையைத் தூக்கிக்கொண்டு வந்தவனோ?"

"சனத்தோட வந்தவன் அண்ணை."

"கடைசி மட்டும் நிண்டவங்களும் இருக்கிறாங்கள். என்ர நிமலரூபன் கையைத் தூக்கியிருக்க மாட்டான். அக்காவுக்கும் அதைத்தான் சொன்னனான், அழாதேங்கோ, அவன் நிண்டு செத்தவன் எண்டு. படத்துக்கு மாலை போட்டிட்டம்."

கண்டவர்கள் யாருமில்லை. உடல் இல்லை. ஆனாலும் மாலை போட்டாயிற்று. சரணடைந்தான் என்பதைவிட இறந்தான் என்பது அவருக்குத் தாங்கக்கூடியதாக இருக்கிறது. அது கல்நெஞ்சு இல்லை. 

வீரக்குட்டி எழும்பி உள்ளே போனார். அண்ணை தானே கதவைத் திறந்துகொண்டு வெளிக்கிட்டார்.

26 ஜூலை, ஞாயிறு

ஓகஸ்ட் முதல் நிகழ்ச்சிகள் மறுபடியும். நவரட்ணம் அண்ணை என்னைப் புதிதாக வேறு தலைப்பு எடுக்கச் சொன்னார், பழைய கப்பலோட்டிகள், வானியல், ஏதாவது. நான் இருப்பதைச் சொல்லி முடிக்கிறேன் என்றேன்.

"முடிவைச் சொல்லி இப்ப ஆருக்கு என்ன வரப்போகுது?"

  தவமணி அன்ரி மட்டும் வீட்டுக்கு எடுத்து, "அந்தப் படைக்கு என்ன நடந்தது எண்டு சொல்லாமலே விட்டிட்டீர்" என்றார். தொண்ணூறுகளில் போருக்கு மகனைக் கொடுத்தவர். அவர் கேட்கிறார் என்றால் சொல்ல வேண்டியதுதானே?

அண்ணை கடைசியில் சரி என்றார். நான் பிடிவாதம் பிடித்ததில் களைத்துப்போனார் என்றுதான் நினைக்கிறேன்.

9 ஓகஸ்ட், ஞாயிறு

ரஷ்யர் வருகை, தெற்கில் தெமெஷ்வார் தோல்வி. அழைப்பு ஒன்றுமில்லை. விளக்குகள் எல்லாம் அணைந்து கிடந்தன.

16 ஓகஸ்ட், ஞாயிறு

இன்று விலாகோஷ் சரணடைவைச் சொன்னேன்.

1849, இதே ஓகஸ்டில் 13ஆம் தேதி. கோர்கெய் ரஷ்யர்களிடம் ஆயுதத்தை ஒப்படைக்கிறார். ஒஸ்திரியரிடம் கொடுத்தால் பழிவாங்குவார்கள், ரஷ்யர் இரக்கம் காட்டுவார்கள் என்று நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்குக் கையில் எழுத்தாக ஒன்றும் இல்லை. திறந்த வெளியில் காலாட்படை துவக்குகளைக் கூம்பு கூம்பாகச் சாய்த்து வைத்தது. குதிரைப்படைக்காரர் வாளைச் சேணத்தில் கொழுவிவிட்டு இறங்கினார்கள். தன் குதிரையை வேறு யாரும் ஏறக்கூடாது என்று சுட்டவர்கள் உண்டு. கொடியைத் துண்டு துண்டாகக் கிழித்துப் பங்கிட்டுச் சட்டைக்குள் வைத்தவர்கள் உண்டு. கோர்கெய் வரிசையைக் கடைசியாகச் சுற்றி வந்தபோது ஏச்சு விழவில்லை. அழுதுகொண்டு விடைகொடுத்தார்கள்.

பிறகு, வெளிநாட்டுக்குத் தப்பிப்போன அரசாங்கத் தலைவர் அவரைத் துரோகி என்று எழுதினார். அந்தச் சொல் அவரோடு ஒட்டிக்கொண்டது. தொண்ணூற்றெட்டு வயதுவரை அந்தச் சொல்லோடு வாழ்ந்தார். உண்மையில் என்ன செய்தார்? தோற்றுப்போன சண்டையில் இன்னும் பிள்ளைகள் சாகாமல் நிறுத்தினார். இப்படி நினைக்கிறவர்கள் இப்போது கனபேர் — என்று சொன்னேன்.  

முதல் அழைப்பு, ஓர் ஆண்குரல்: "துரோகி எண்டா துரோகி எண்டு சொல்லுங்கோ. பூசி மெழுகாதேங்கோ." வைத்துவிட்டார்.

இரண்டாவது தவமணி அன்ரி. 

"துவக்கை வைச்சிட்டு அந்தப் பெடியள் எங்க பிள்ளை போனவங்கள்? தாய்மார் தேடி வந்தவையோ?"

"புத்தகத்தில அது இல்லை அன்ரி."

"ஆரும் எழுதேல்லையோ?"

"நான் காணேல்லை அன்ரி."

"ம்... எழுதியிருக்கலாம்."

கண்ணாடிக்கு அப்பால் நவரட்ணம் அண்ணை இல்லை. நடுவிலேயே எழும்பிப் போய்விட்டாராம்.

கீழே காரில் வீரக்குட்டி இயந்திரத்தை ஓடவிடாமல், யன்னல்களைத் திறக்காமல், அந்த வெக்கைக்குள் இருந்தார். நான் ஏறியதும் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வீடு வரும்வரை ஒரு கையால்தான் கார் ஓடினார்.

19 ஓகஸ்ட், புதன்

ஞாயிறு என் அரை மணித்தியாலத்தில் இனிப் பக்திப் பாடல்கள். அண்ணை தானே எடுத்துச் சொன்னார்.

"நீங்கள் பொய் சொன்னீங்கள் எண்டு நான் சொல்லேல்லை தங்கச்சி. ஆனா உண்மை சொல்லுறதுக்கும் ஒரு நேரம் இருக்கு."

"அது எப்ப அண்ணை?"

வைத்துவிட்டார்.

6 ஒக்டோபர், செவ்வாய்

வானொலியில் சொல்லக் கிடைக்காததை இங்கே எழுதுகிறேன்.

ரஷ்யர் அவர்களை ஒஸ்திரியரிடம் கொடுத்துவிட்டார்கள். கோர்கெய்யின் உயிருக்கு மட்டும் ரஷ்யாவின் சார் மன்னன் பரிந்து பேசினான். ஒக்டோபர் 6 அன்று ஆராட் என்ற ஊரில் பதின்மூன்று தளபதிகளைக் கொன்றார்கள். நால்வரைச் சுட்டு, மற்றவர்களைத் தூக்கிலிட்டு. கால் முறிந்த ஒருவரை வண்டியில் கொண்டுவந்தார்கள்.

சஞ்சீவனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. யதுஷா முகாமின் கம்பிக்குள் இருந்துகொண்டு கேட்காத ஆள் இல்லை. இன்று மத்தியானம் அந்த ஹங்கேரியப் பெண்மணியை பிளாசாவில் கண்டேன். கறுப்பு உடுப்பு. என்னைக் காணவில்லை. நான் கூப்பிடவும் இல்லை.

வீரக்குட்டி இன்று நான் என்ன எழுதுகிறேன் என்று கேட்டார். சாமான் வாங்க வேண்டியது என்றேன்.

20 டிசம்பர், ஞாயிறு

முகாமிலிருந்து வெளியே விட்டிருக்கிறார்கள். யதுஷாவும் பிள்ளையும் மட்டக்களப்பில், வீரக்குட்டியின் அக்கா வீட்டில். போகிற வழியில் சஞ்சீவனைக் கண்டிருக்கிறாள்! ஒரு தடுப்பு முகாமில், மேசைக்கு அந்தப் பக்கம். மெலிந்துபோனானாம். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்ததிலேயே நேரம் முடிந்துவிட்டதாம்.

உயிரோடு. உயிரோடு. உயிரோடு.

17 ஒக்டோபர் 2010, ஞாயிறு

சஞ்சீவனை விட்டுவிட்டார்கள். அண்ணனும் தம்பியும் தொலைபேசியில் மழையைப் பற்றிக் கதைத்தார்கள். வயல் விதைப்பைப் பற்றிக் கதைத்தார்கள். வேறு ஒன்றையும் பற்றிக் கதைக்கவில்லை. நான் சமையலறையில் நின்று கேட்டேன். இருவருக்கும் ஒரே மாதிரிச் சிரிப்பு என்பதை மறந்துபோயிருந்தேன்.

5 டிசம்பர், ஞாயிறு

காலையில் கதவு மணி. நவரட்ணம் அண்ணை. ஒரு வருடத்துக்கு மேல் இந்தப் படி ஏறாதவர். சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"சஞ்சீவன் வந்திட்டானாம் எண்டு கேள்விப்பட்டன்." பிறகு, "அவனோட ஒருக்காக் கதைக்கலாமோ?"

வீரக்குட்டி கதவை அகலத் திறந்தார். பிறகு, "உள்ள வாங்கோ அண்ணை, குளிர்" என்றார்.

அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தோம்.

"தம்பி, நான் நவரட்ணம். அண்ணாவின்ர கூட்டாளி. என்ர அக்காவின்ர மகன் நிமலரூபன் எண்டு... உயரமான பெடியன். இடது புருவத்தில ஒரு வெட்டுக்காயம். நீர் எங்கையாவது கண்டனீரோ?"

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்துகிற சத்தம்.

"கண்டனான் அண்ணை. கடைசிக் கிழமை ஒரே இடத்தில நிண்டனாங்கள்."

அண்ணை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "சண்டையில..."

"இல்லை அண்ணை. துவக்கைக் களப்புக்குள்ள போட்டிட்டு ரெண்டு பேரும் நடந்து வந்தனாங்கள். பெயர் பதியச் சொல்லி அறிவிக்கேக்க நான் எழும்பேல்லை. பயம். நிமல்தான் முதல் எழும்பினவர். 'உங்களுக்குப் பிள்ளை இருக்கண்ணை, ஒளிச்சுப் பிடிபட்டாத்தான் கரைச்சல், வாங்கோ' எண்டு என்ர கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனவர். அவர் கூப்பிடாட்டி நான் இண்டைக்கு..."

"பிறகு?"

"என்னை ஒரு பஸ்ஸில ஏத்தினவங்கள். அவரை வேற பஸ்ஸில. அதுக்குப் பிறகு காணேல்லை அண்ணை. நான் போன இடமெல்லாம் கேட்டனான். சத்தியமாக் கேட்டனான்."

 நான் தேத்தண்ணி ஊற்றப் போகவில்லை. அந்த இடத்தை விட்டு அசையக் கூடாது போலிருந்தது.

"அவன்தான் முதல் எழும்பினவனோ?"

"ஓம் அண்ணை."

"பயந்துபோய் நிண்டவனோ?"

"இல்லை. எல்லாருக்கும் தைரியம் சொல்லிக்கொண்டு நிண்டவர்."

அண்ணை தலையை ஆட்டினார். தொலைபேசியில் இருப்பவனுக்கு அது தெரியாது என்பதை மறந்து ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"தம்பி, அக்கா வவுனியாவில இருக்கிறா. இதை அவவுக்கு நீர் சொல்லுவீரோ? நான் அவவுக்கு வேற மாதிரிச் சொல்லிப்போட்டன். படத்தை... மாலையை அவ எடுக்க வேணும். எடுத்திட்டுத் தேட வேணும். நான் எப்பிடி இனி..."

"நம்பரைத் தாங்கோ அண்ணை. நாளைக்கு நேர போறன். போனில சொல்லுற விசயமில்லை."

அண்ணை நம்பரைச் சொன்னார். மனப்பாடமாக இருந்தது. ஆனாலும் இரண்டு தரம் பிழைத்துவிட்டது. வீரக்குட்டி அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

பிறகு அவர் எழும்பினார். கார்த் திறப்பைக் கையில் எடுத்தார். எங்கே போட வேண்டும் என்று தெரியாதவர்போல அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். வீரக்குட்டி திறப்பை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, "நான் கொண்டுபோய் விடுறன் அண்ணை" என்று தன் காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

இப்போது மத்தியானம். இவர் இன்னும் வரவில்லை. அங்கேயே இருந்துவிட்டார்போல. பனி கொட்டுகிறது. வாசலில் நிற்கும் அண்ணையின் கார் முக்கால்வாசி மூடிவிட்டது. போய்க் கொஞ்சம் வழித்துவிட வேண்டும்.